வெளிநாட்டில் போதையில் ஓட்டிய வழக்கு: சொந்த நாட்டு லைசென்ஸ் என்ன ஆகும்?

வெளிநாட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் போதை தெளிந்ததும் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இது நம்ம ஊருக்குத் தெரிஞ்சுடுமா?" இயல்பான கேள்விதான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பாதி விஷயம் கைநழுவிப் போகும். ஊருக்குத் தெரிந்தும் ஒன்றும் ஆகாத வழக்குகள் உண்டு. யாருக்குமே தெரியாமல் கிடந்து, ஐந்து ஆண்டு கழித்து ஒரு இன்சூரன்ஸ் படிவத்தில் வந்து மாட்டுகிற வழக்குகளும் உண்டு.

எனவே கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு பற்றிய தகவல் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போகுமா? போனால், அங்குள்ள சட்டம் அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? போகாவிட்டாலும், எந்தெந்த இடத்தில் நீங்களே எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும்? மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. அதிகம் பேர் விழுவது அங்கேதான்.

முதல் வேலை: யார் எதைப் பறித்தார்கள் என்று பாருங்கள்

லைசென்ஸ் என்பது அதைக் கொடுத்த நாட்டின், சில இடங்களில் மாநிலத்தின், ஆவணம். வேறொரு நாட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்ய முடியாது. தன் எல்லைக்குள் அதைக் காட்டி ஓட்டும் உரிமையை மட்டும்தான் எடுக்க முடியும். 1949-ம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் 1968-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் சொல்வதும் இதைத்தான். குற்றம் நடந்த நாடு அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். தடைக்காலம் முடிகிறபோதோ, நீங்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்புகிறபோதோ, எது முதலில் வருகிறதோ அப்போது திருப்பித் தர வேண்டும். அட்டையை வழங்கிய அலுவலகத்துக்கு இதைத் தெரிவிக்கவும் அந்த நாட்டுக்கு அனுமதி உண்டு.

இங்கேதான் ஒரு தவறான நிம்மதி பிறக்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் முன் அட்டை கைக்கு வந்துவிட்டால், விஷயம் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அட்டை திரும்பி வந்தது நீங்கள் கிளம்பியதால். தடை அப்படியே நிற்கிறது. தடைக்காலத்துக்குள் அதே நாட்டுக்குத் திரும்பிப் போய் வண்டி எடுத்தால் அது தனிக் குற்றம். பல நாடுகளில் முதல் குற்றத்தை விடக் கடுமையாகப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் வெளிநாட்டு உரிமத்தின் மேலேயே தடைக் குறிப்பைப் பதிந்து தருவார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் உரிமத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் குடியிருப்பவர் என்றால் அட்டையைப் பறிமுதல் செய்து, வழங்கிய நாட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது உங்கள் உள்நாட்டு லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. தனியாக அதற்கு உயிர் கிடையாது. உள்நாட்டு உரிமம் நிறுத்தப்பட்டால் அதுவும் செல்லாது.

இரண்டு பாதை, இரண்டு கெடு

புதிதாக ஒரு நாட்டுக்குப் போனவர்களைக் குழப்புவது இது. போதையில் ஓட்டிய ஒரே சம்பவத்துக்குப் பல நாடுகளில் இரண்டு நடவடிக்கைகள் ஒன்றாக ஓடும். ஒன்று நீதிமன்றத்தில் நடக்கும் குற்ற வழக்கு. மற்றொன்று உரிமம் வழங்கும் துறை தானே எடுக்கும் நிர்வாக நடவடிக்கை. கோர்ட்டில் வாய்தா மூன்று மாதம் கழித்து இருக்கலாம். உரிமத் துறையின் கெடு அடுத்த வாரமே முடிந்துவிடும்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநில லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் காவலர் அட்டையை வாங்கிக்கொண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தாள் கொடுப்பார். அதுவே 30 நாளைக்குத் தற்காலிக லைசென்ஸ். இடைநிறுத்த உத்தரவும் அதே தாள்தான். அதை எதிர்த்து விசாரணை கேட்க 10 நாள் அவகாசம் என்று அதில் அச்சிட்டிருக்கும். பலரும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு வக்கீல் தேடப் போவார்கள். பதினொன்றாம் நாள் அந்த வாய்ப்பு போய்விடும். ஆக, கையில் வந்த ஒவ்வொரு தாளையும், பின்பக்கத்து பொடி எழுத்து உட்பட, அன்றைக்கே படியுங்கள். மொழி புரியாவிட்டால் புரிந்தவரை வைத்துப் படியுங்கள்.

ஊதிக்காட்ட மறுத்தால் தப்பிக்கலாம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து, சட்டப்படி வண்டியை நிறுத்திய காவலர் கருவி கையில் இருந்தால் எந்தச் சந்தேகமும் இல்லாமலே ஊதச் சொல்லலாம். மறுப்பது தனிக் குற்றம். முதல்முறை மறுப்புக்குக் குறைந்தபட்ச அபராதமே 2,000 டாலர், அதாவது சாதாரணப் போதை வழக்கின் குறைந்தபட்ச அபராதமான 1,000 டாலரைப் போல இரு மடங்கு. பிரிட்டனிலும் சோதனைக்கு மாதிரி தர மறுத்தால் தடை உண்டு. சொந்த நாட்டு அலுவலகமும் மறுப்பைப் பெரும்பாலும் போதைக் குற்றத்துக்குச் சமமாகவே வைத்துப் பார்க்கும்.

தீர்ப்பில் எழுதியிருப்பது என்ன?

"குடிச்சுட்டு ஓட்டின கேஸ்" என்று வாயால் சொல்வது போதாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எவ்வளவு அளவு, எந்தத் தேதி என்று தீர்ப்பு நகலில் இருப்பதைத்தான் வேறொரு நாடு தன் சட்டத்தோடு ஒப்பிடும். ஒப்பீட்டின் அடிப்படைக் கேள்வி: அதே செயல் இங்கே நடந்திருந்தால் குற்றமா?

அளவுகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் இதற்கு நேரான விடை கிடையாது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இங்கிலாந்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை சட்டம் அனுமதிக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50. இந்தியாவில் 30. ஸ்வீடனில் 20. ஹங்கேரி, செக் குடியரசு போன்ற நாடுகளில் பூஜ்யம். அமெரிக்காவில் பொதுவாக 80, யூட்டா மாநிலத்தில் மட்டும் 50. ஆக 40 மில்லிகிராமோடு ஸ்வீடனில் தண்டனை பெற்ற ஒருவரின் செயல் இங்கிலாந்தின் அளவைத் தாண்டவே இல்லை. இந்த வித்தியாசம் உங்களுக்குச் சாதகமாக வரலாம். ஆனால் அளவு எழுதிய தாள் கையில் இல்லாவிட்டால் அதை நிரூபிக்க வழியில்லை.

மதுவோடு நின்றுவிடவும் இல்லை. கஞ்சா, பிற போதைப்பொருள், தூக்க மாத்திரை போல மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து, எல்லாமே இந்தக் குற்றத்துக்குள் வரும். கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி சரி என்ற நாட்டில்கூட அதன் மயக்கத்தில் ஓட்டுவது குற்றம்தான்.

சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் இதைக் கேளுங்கள்: "குற்றச்சாட்டைக் குறைத்து ஒப்புக்கொண்டால், என் லைசென்ஸ் கொடுத்த இடத்தில் அது எப்படிப் படிக்கப்படும்?" கலிஃபோர்னியாவில் போதை வழக்கை 'பொறுப்பற்ற ஓட்டம்' என்று குறைத்து, மது சம்பந்தப்பட்டது என்ற குறிப்போடு முடிப்பது வழக்கம். உள்ளூரில் அது லேசான விஷயம். வெளியிலிருந்து பார்ப்பவர் அந்தக் குறிப்பை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். வழக்கு நடக்கும் நாட்டு வக்கீலுக்கு உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பக்கத்திலும் ஒருவரிடம் கேட்பது செலவுதான். ஆனாலும் இந்தச் செலவில் கை வைக்க வேண்டாம்.

உங்கள் இரண்டு நாடுகளுக்கு இடையே என்ன இருக்கிறது?

உலகம் முழுவதற்கும் பொதுவான ஓட்டுநர் பதிவேடு என்று ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் துண்டு துண்டான ஒப்பந்தங்கள். உங்கள் ஜோடி எதில் வருகிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் நடுப்பகுதி.

அமெரிக்க மாநிலங்கள் ஒன்றுக்கொன்று வெளிநாடு போலத்தான் நடந்துகொள்ளும், லைசென்ஸ் விஷயத்தில். அதற்காகவே ஓட்டுநர் உரிம ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஐந்து மாநிலங்கள் தவிர மற்றவை அதில் இருக்கின்றன. ஓர் ஓட்டுநருக்கு ஒரே உரிமம், ஒரே பதிவு என்பது அதன் கொள்கை. வேறு மாநிலத்துப் போதை வழக்கைச் சொந்த மாநிலம் தன் மண்ணில் நடந்ததுபோல எடுத்துக்கொள்ளும். இதற்கு மேல் தேசிய ஓட்டுநர் பதிவேடு ஒன்றும் உண்டு. ஒரு மாநிலத்தில் உரிமம் நிறுத்தப்பட்டவர் இன்னொரு மாநிலத்தில் விண்ணப்பித்தால், பெயர் அங்கே எழும்பி நிற்கும். பழையதைச் சரி செய்யாமல் புதியது கிடைக்காது. சம்மனுக்குப் போகாமல் விட்டதும் கட்டாத அபராதமும்கூட இப்படித்தான் வந்து நிற்கும்.

எல்லையோர ஒப்பந்தங்களைப் பலர் கவனிப்பதே இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் நியூயார்க், மிச்சிகன் மாநிலங்களோடு தகவல் பரிமாறிக்கொள்கிறது. டொரன்டோவிலிருந்து வார இறுதிக்கு நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகருக்குப் போய் அங்கே போதையில் ஓட்டித் தண்டனை பெற்றவரின் ஒன்டாரியோ உரிமம், சொந்த ஊரில் தண்டனை பெற்றது போலவே நிறுத்தப்படலாம். முதல் தடவைக்கு அங்கே ஓராண்டு. அதே ஆள் ஃப்ளோரிடாவில் மாட்டியிருந்தால் அந்த வழி கிடையாது. எல்லா வெளிநாடும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பிரிட்டனும் அயர்லாந்தும் இன்னொரு ஜோடி. 1998-ல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஓட்டுநர் தடைகளைப் பரஸ்பரம் ஏற்க ஓர் உடன்படிக்கை எழுதின. அதை உண்மையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்த இரண்டும்தான், 2010 ஜனவரியில். பிறகு தனி ஒப்பந்தமாகத் தொடர்கின்றன. டப்ளினில் விழுந்த தடை லண்டன்காரரைப் பின்தொடரும். பாரிஸில் விழுந்த தடை அப்படி வராது.

சுவிட்சர்லாந்து எந்த ஒப்பந்தத்துக்கும் காத்திருக்கவில்லை. வெளிநாட்டில் தடை விதிக்கப்பட்டு, குற்றம் சுவிஸ் கணக்கில் நடுத்தரமோ கடுமையோ என்றால், உள்நாட்டிலும் உரிமத்தை எடுக்கலாம் என்று தன் சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. முன்பு பதிவு எதுவும் இல்லாதவருக்கு அந்தக் காலம் வெளிநாட்டுத் தடையைவிட நீளக் கூடாது என்ற நியாயமும் அதில் இருக்கிறது. ஒரே தவறுக்கு இரண்டு தண்டனையா என்று கேட்பவர்களுக்கு: உரிமத்தை எடுப்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் சாலைப் பாதுகாப்புக்கான நிர்வாக நடவடிக்கையாகப் பார்க்கின்றன. அந்த வாதம் அதனால் அநேகமாக எடுபடுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. போதை ஓட்டம், உயிரிழப்பு விபத்து, மிதமிஞ்சிய வேகம் போன்றவற்றுக்கு ஓர் உறுப்பு நாடு விதிக்கும் தடையை ஒன்றியம் முழுக்கச் செல்லுபடியாக்கும் விதிக்கு 2025 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தில் அதைச் சேர்க்கச் சில ஆண்டு அவகாசம் உண்டு. பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு "பக்கத்து நாட்டுத் தடை இங்கே வராது" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு அனுபவம் என்று கேளுங்கள்.

இந்த ஜோடிகளில் எதிலும் வராதவர்களே உலகில் அதிகம். அவர்களுக்கு உரிமம் தானாக நிற்பது அரிது. அவர்களுக்குத்தான் அடுத்த பகுதி.

யாரும் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டிய இடங்கள்

புது நாட்டில் குடியேறி, பழைய லைசென்ஸைக் கொடுத்துப் புதியதை வாங்கப் போகிறீர்கள். கவுண்டரில் ஓட்டுநர் வரலாற்றுச் சான்று கேட்பார்கள். பழைய நாட்டு அலுவலகம் தரும் ஒன்றிரண்டு பக்கத் தாள் அது. பெயர், உரிம எண், வகுப்பு, முதலில் வழங்கிய தேதி இருக்கும். நிலை என்ற வரியில் 'செல்லும்' என்றோ 'நிறுத்தம்' என்றோ இருக்கும். கீழே தேதி வாரியாகத் தண்டனைகள். நிறுத்தம் என்றிருந்தால் மாற்றித் தர மாட்டார்கள்; பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்தது. இந்தத் தாளை விண்ணப்பிக்கும் முன் நீங்களே ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள். உங்களுடையதல்லாத வழக்கு அதில் ஏறியிருப்பதும், முடிந்த தடை இன்னும் திறந்தபடி கிடப்பதும் நடக்கிற விஷயம்தான்.

கூடவே ஒரு படிவம் வரும். "கடந்த இத்தனை ஆண்டுகளில் உங்கள் உரிமம் எங்காவது நிறுத்தப்பட்டதா, ரத்தானதா, மறுக்கப்பட்டதா?" 'எங்காவது' என்ற சொல்லை இரண்டு தடவை படியுங்கள். அந்த நாட்டுக்கு உள்ளே மட்டும் கேட்கிறார்களா, உலகம் முழுக்கவா என்பது அதில்தான் இருக்கிறது. கேட்டதற்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். கேட்காததை நீட்டி முழக்கவும் வேண்டாம். பொய்யாக 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டால், முதலில் லேசாகப் போயிருக்கக்கூடிய விஷயம் பொய் அறிவிப்பு என்ற புதுக் குற்றமாகிவிடும். அப்படி வாங்கிய லைசென்ஸையும் பின்னால் ரத்து செய்வார்கள்.

இன்சூரன்ஸ் இதைவிடக் கறார். காப்பீட்டு நிறுவனம் கேட்பது தண்டனையை. அது எந்த நாட்டில் என்பது பெரும்பாலும் அதற்கு முக்கியமில்லை. பிரிட்டனில் நிறுவனங்கள் வழக்கமாகக் கடைசி 5 ஆண்டுகளைக் கேட்கும். ஆனால் அளவுக்கு மேல் மதுவோடு ஓட்டியதற்கான டிஆர்10 என்ற குறியீடு அந்நாட்டு ஓட்டுநர் பதிவில் 11 ஆண்டு கிடக்கும். பிரீமியம் ஏறும், உண்மை. ஆனால் மறைத்து வாங்கிய பாலிசியோடு ஒரு பெரிய விபத்தில் சிக்கினால், பணம் தர மறுக்க அவர்களுக்கு அது ஒன்று போதும்.

வேலைக்கு வண்டி ஓட்டுபவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் வணிக வாகன உரிமம் வைத்திருப்பவருக்கு வேலை வண்டியில் அளவு 40 மில்லிகிராம்தான். தன் சொந்தக் காரில் போதையோடு பிடிபட்டாலும் வணிக உரிமம் ஓராண்டு போகும். இரண்டாம் தடவை என்றால் ஆயுளுக்கும். முதலாளிக்குத் தெரிவிக்கும் கெடுவும் வேலை ஒப்பந்தத்தில் இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

விசா பற்றி இரண்டே வரி, ஏனென்றால் அது தனிக் கட்டுரைக்கான விஷயம். கனடாவில் 2018 டிசம்பர் 18 முதல் போதை ஓட்டத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. அதனால் வெளிநாட்டில் நடந்த ஒரே ஒரு வழக்கும் நுழைவை மறுக்கப் போதுமானதாகலாம். அங்கே நிரந்தர வசிப்புரிமை வைத்திருப்பவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும்.

குறுக்கு வழி

தடை ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு நாட்டில் புது லைசென்ஸ் எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. இப்போது ஒன்றிய விதிப்படி, வேறு உறுப்பு நாட்டில் உரிமம் நிறுத்தப்பட்டவருக்குப் புதியது தரக் கூடாது. எடுக்கும் நாட்டில் ஆண்டுக்கு 185 நாளாவது வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அப்படியே எடுத்தாலும் தடை விதித்த நாட்டில் அந்த அட்டை காகிதத்துக்குச் சமம். இதற்குக் கொடுக்கும் பணத்தில் தடைக்காலம் முழுக்க டாக்ஸியில் போகலாம்.

முடித்து வைப்பது

தடைக்காலம் முடிந்த தேதியில் உரிமம் தானாக உயிர்பெறும் என்று எண்ணாதீர்கள். பிரிட்டனில் 56 நாள் அல்லது அதற்கு மேல் தடை என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓராண்டோ அதற்கு மேலோ தகுதி நீக்கம் பெற்றால் தேர்வுகளை முதலிலிருந்து எழுத வேண்டும். அங்கே போதை வழக்கில் முதல் தடவைக்கே பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டு என்பதால், தேர்வு கிட்டத்தட்ட நிச்சயம். ஜெர்மனியில் 1.6 புரோமிலோ அதற்கு மேலோ, அதாவது 100 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 160 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர், மருத்துவ உளவியல் பரிசோதனையில் தேறாமல் திரும்ப ஓட்ட முடியாது. பல அமெரிக்க மாநிலங்களில் வகுப்பு, கட்டணம், வண்டியில் ஊதினால்தான் கிளம்பும் கருவி என்று பட்டியல் நீளும். ஊருக்குத் திரும்பிவிட்டவர்கள் வகுப்பைத் தொலைவிலிருந்து முடிக்க முடியுமா என்று அந்தத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன சரி எதற்கும் உதவாது.

எல்லாம் முடிந்ததும் நான்கு தாள்களைச் சேர்த்து வையுங்கள்: சான்றளிக்கப்பட்ட தீர்ப்பு நகல், அபராதம் கட்டிய ரசீது, வகுப்பு முடித்த சான்று, ஓட்டும் உரிமை மீண்டது என்ற கடிதம். தேவைப்படும் மொழியில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தீர்ப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். தந்தை பெயர் முன்னால் வந்ததா, பின்னால் போனதா, முதலெழுத்தாகச் சுருங்கியதா என்பதில்தான் நம் ஆட்களின் பதிவுகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒன்றில் வழக்கு முடிந்திருக்கும். மற்றதில் திறந்தே இருக்கும். பழைய கோப்புகளை நீதிமன்றங்கள் சில ஆண்டுகளில் அழித்துவிடுவதும் உண்டு. பிரதிகளை இப்போதே வாங்கிவிடுங்கள்.